அக்காவின் நம்பர்

உப்பிலியபுரம்
9 ஜூன் 2025

மாதா துணை.

தம்பி ஜூடுக்கு லிசி அக்கா எழுதுவது. நேற்று சாயங்காலம் ஆறே முக்காலுக்கு உன் சம்பளக் கணக்கிலிருந்து ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய் போய்விட்டது. திருச்சி செருப்புக் கடை ஒன்றில் கார்டு தேய்த்ததாக என் போனுக்கு மெசேஜ் வந்தது.

இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம். டோனி மாமாவுக்குத்தான் வேன் ஓட்டி ஓட்டி இடுப்பு பிடித்துக்கொண்டது. நீ படித்த பிசியோதெரபியில் இதற்கு என்ன வழி என்று எழுது. பீஸ் கேட்காதே. மழை வரும் போலிருக்கிறது. தார்ப்பாய் நூறு இறக்கி வைத்திருக்கிறேன். சாக்கு வியாபாரம் மந்தம்.

செருப்புக்கு வருகிறேன். உன் காலுக்கு நான் வாங்கிய செருப்பு எதுவும் நானூறைத் தாண்டியதில்லை. பெரிய வெள்ளிக்கு வந்தபோது போட்டிருந்த செருப்பு இன்னும் இரண்டு வருஷம் உழைக்கும் போலிருந்தது. அதற்கு என்ன ஆச்சு?

போனிலேயே கேட்கலாமே என்பாய். கேட்டேன். "சரிக்கா, பேஷண்ட் இருக்காங்க, வைக்கிறேங்கா" என்று மூன்று தடவை வைத்துவிட்டாய். நான் கடை போட்ட புதிதில் ஆலைக்காரர் ஒருவர் வாய் வார்த்தையில் இருநூறு சாக்கு எடுத்துப்போய், காசு கேட்டபோது "எப்பம்மா எடுத்தேன்?" என்றார். அன்றையிலிருந்து முக்கியமான எதுவும் எனக்கு எழுத்தில்தான். எழுதிக் கேட்டால் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

லிசி

---

ஸ்ரீரங்கம்
16 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நன்றாக இருக்கிறேன். வீட்டுக்கார வேதவதி மாமியும் சௌக்கியம். மாமியின் முழங்கால் இப்போது என் பொறுப்பு. அதனால் வாடகை கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டோனி மாமாவை வேன் சீட்டில் முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளச் சொல். ஒரு மணிக்கு ஒரு தடவை இறங்கி நடக்கட்டும்.

பழைய செருப்பு அறுந்துவிட்டது. அவ்வளவுதான்.

எழுத்தில் கேட்டாய், நானும் எழுத்தில் ஒன்று கேட்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் காலேஜ் சேர்ந்தபோது என்னிடம் போன் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் அரிசிக் கடைக்குச் சாக்கு இறக்கிய கையோடு என்னை பேங்க்குக்கு இழுத்துப்போய்க் கணக்குத் திறந்தாய். போன் நம்பர் கட்டத்தில் உன் நம்பரை எழுதினாய். ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்குக் கணக்கு கேட்டபோது சோம்பேறித்தனத்தில் நானும் அதையே கொடுத்துவிட்டேன். இப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஆனால் பேங்க்கைப் பொறுத்தவரை இன்னும் உன் இடுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்கேன் பண்ணிக் காசு கொடுக்க, பேங்க்கில் பதிந்த நம்பரின் சிம் நம் போனில் இருக்க வேண்டும். அந்த சிம் உப்பிலியபுரத்தில் உன் கையில் இருக்கிறது. நேற்று பதினைந்து ரூபாய் டீக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். "என்ன சார், ஆஸ்பத்திரியில வேலைங்கிறீங்க, பூ விக்கிற வீராயி அம்மா கூட ஸ்கேன் பண்ணுது, நீங்க சில்லறையைக் கெடுக்குறீங்க" என்றார் கடைக்காரர். வீராயி அம்மா எனக்காக டீக்காசு கொடுத்தார்கள். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்களிடமும் சில்லறை இல்லை.

நம்பரை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். பேங்க்கில் ஹம்ஸா மேடம் என்று ஒரு அதிகாரி, நல்ல மாதிரி. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஃபாரம் கொடுக்கிறேன். உன் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். நான் உடனே கூப்பிடுவேன், படித்துச் சொல்லிவிடு. ஒரு நிமிஷ வேலை.

அன்புடன்
ஜூட்

---

உப்பிலியபுரம்
24 ஜூன் 2025

தம்பிக்கு,

மாமாவுக்கு இடுப்பு தேவலை. துண்டு வேலை செய்கிறது. எல்லோரும் நலம், உன் நலத்துக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்று ஐந்துக்கு எண் வந்தது. பதினொன்று ஆறுக்கு நீ கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. காரணம் சொல்கிறேன். அந்த மெசேஜிலேயே "இதை யாரிடமும் பகிர வேண்டாம், பேங்க் ஊழியர் கேட்டாலும் சொல்ல வேண்டாம்" என்று போட்டிருந்தது. தம்பி கேட்டால் சொல்லலாம் என்று எங்கேயும் போடவில்லை. போனில் எண்ணைச் சொல்லி ஏமாந்தவர்கள் இந்த ஊரிலேயே நாலு பேர்.

ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். கடிதத்தை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அந்த எண் 483920. நன்றாக ஒட்டித்தான் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

கடையில் அந்தப் பேசும் பெட்டி வாங்கி வைத்துவிட்டேன். யாராவது ஸ்கேன் பண்ணினால் "இருநூறு ரூபாய் வந்தது" என்று அதுவே சத்தம் போடுகிறது. நான் தராசு பக்கம் நின்றாலும் காதில் விழும். நல்ல சாமான். என்னை விட உரக்கக் கத்துகிறது என்கிறார் மாமா.

இன்னொன்று. போன மூன்று ஞாயிறும் நீ கே.கே. நகர் ஏ.டி.எம்.மில் ஐந்நூறு எடுத்திருக்கிறாய். நீ இருப்பது ஸ்ரீரங்கத்தில். அங்கே ஏ.டி.எம். இல்லையா? அதே கே.கே. நகரில் பிரியாணிக் கடையில் நானூற்று இருபது. ஒரே ஆள் நானூற்று இருபதுக்குப் பிரியாணி தின்றால் வயிறு என்ன ஆகும்? பூசைக்காவது ஒழுங்காகப் போகிறாயா?

லிசி

---

ஸ்ரீரங்கம்
4 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

வயிறு நலம். பூசைக்கும் போகிறேன்.

அந்த எண்ணுக்கு ஆயுசு பத்து நிமிஷம். உன் கடிதம் வந்து சேர மூன்று நாள். கவரை அப்படியே எடுத்துப்போய் ஹம்ஸா மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார். "இந்த பிராஞ்ச்ல ஓடிபியை தபால்ல வாங்கின முதல் கஸ்டமர் நீங்கதான் சார். உங்க அக்கா மாதிரி நாலு பேர் இருந்தா எங்களுக்கு மோசடி கேஸே வராது" என்றார். பக்கத்து கவுண்டர் வரை சிரிப்பு போனது.

கே.கே. நகரில் எனக்கு ஒரு பேஷண்ட். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் எக்சர்சைஸ் கொடுக்கிறேன். அவர்களுக்கும் சேர்த்துத்தான் பிரியாணி வாங்கினேன். மாமி வீட்டில் முட்டை வாசனை கூடக் கூடாது. வெளியேதான் சாப்பிட வேண்டும்.

புதன்கிழமை ஒன்பதாம் தேதி, சரியாகப் பதினொரு மணிக்குத் திரும்பவும் ஃபாரம் கொடுக்கிறேன். போனைக் கையிலேயே வைத்துக்கொள். கேட்பது பேங்க் இல்லை அக்கா, நான்.

மாமாவுக்கு என் அன்பு.

ஜூட்

---

உப்பிலியபுரம்
14 ஜூலை 2025

தம்பிக்கு, சுகம். நீயும் சுகம் என்று நேற்று இரண்டு ஐம்பதுக்கு ஐஸ்கிரீம் கடையிலிருந்து மெசேஜ் வந்தது.

புதன்கிழமை நான் துறையூரில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். போன் வேனில் இருந்தது. வேன் மாமாவிடம் இருந்தது. திரும்ப வெள்ளிக்கிழமை நீ முயற்சி செய்தபோது சார்ஜ் இல்லை. என்ன செய்வது, வியாபாரம் அப்படி. எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா?

ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்கு வந்துவிடு. லீவு கிடைக்காது என்று சொல்லாதே, அன்றைக்கு நாட்டுக்கே லீவு.

உன் பேஷண்ட் எப்படி இருக்கிறார்? ஞாயிறு தவறாமல் ஐஸ்கிரீம் சாப்பிடுகிற பேஷண்ட்டுக்குச் சீக்கிரம் குணமாகும்.

லிசி

---

ஸ்ரீரங்கம்
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த மீனை சத்திரம் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, டப்பாவை மூன்று தடவை கழுவித்தான் பாலம் தாண்டினேன். மாமி வாசலிலேயே நின்று, "என்னடா, ஊர் வாசனை வர்றதே" என்றார். மாதா கோயில் ஊதுவத்தி என்றேன்.

நம்பர் விஷயத்தை நேரில் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ எதிரில் உட்கார்ந்து முள் எடுத்து எடுத்து வைத்தாய். வாய் வரவில்லை.

உன் போன் நின்று நின்று போகிறது என்று மாமா கொடுத்தாரே, பார்த்தேன். இடமே இல்லை. என் பேங்க் மெசேஜ் மட்டும் ஆயிரத்துச் சொச்சம். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் பஸ் ஸ்டாண்டில் எடுத்த நூறு ரூபாய் வரை கிடக்கிறது. "அழிச்சுடவாக்கா?" என்றேன். "எனக்கு அதெல்லாம் அழிக்கத் தெரியாது, விடு" என்று பிடுங்கிக்கொண்டாய். கடைக்கு வருகிற போட்டோ, குட் மார்னிங் எல்லாவற்றையும் அன்றன்றைக்கு அழிக்கிறவள் நீ.

சரி. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூட்

---

உப்பிலியபுரம்
1 செப்டம்பர் 2025

தம்பிக்கு,

நேற்று ஞாயிறு, பகல் பன்னிரண்டு பத்துக்கு உன் கார்டில் நகைக்கடையில் பதினெட்டாயிரத்து ஐந்நூறு போனது. நான் கார்டை நிறுத்திவிட்டேன்.

பதறாதே, நடந்ததைச் சொல்கிறேன். மெசேஜ் வந்ததும் உன்னை ஐந்து தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. என் தம்பி என்னிடம் சொல்லாமல் நகைக்கடைப் படி ஏற மாட்டான். அப்படியென்றால் கார்டு திருடன் கையில். மெசேஜின் அடியிலேயே "இது நீங்கள் செய்ததில்லை என்றால் பிளாக் என்று அனுப்பவும்" என்று இருந்தது. அனுப்பினேன். இரண்டே நிமிஷத்தில் நிறுத்திவிட்டதாகப் பதில். எண்ணைச் சொல்லத் தெரியாத அக்கா என்று சிரித்தீர்களே, உன் ஹம்ஸா மேடத்திடம் போய்ச் சொல். அதற்கு மேல் ஒரு பைசா போகவிடவில்லை.

சாயங்காலம் நீ போன் பண்ணி, நான் ஹலோ சொன்னதும் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். கார்டு தொலைந்த வருத்தமா? போனால் போகிறது. போலீஸில் எழுதிக் கொடுத்தாயா? செலவுக்குக் காசு வேண்டுமானால் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லிசி

---

ஸ்ரீரங்கம்
4 செப்டம்பர் 2025

அக்கா,

திருடன் நான்தான்.

அனிஷா என்று ஒரு பெண். எங்கள் ஆஸ்பத்திரியில் காது கேட்கும் சோதனை செய்கிறவள். வீடு கே.கே. நகர். ஒரு வருஷமாகப் பழக்கம். நகைக்கடையில் வாங்கியது அவளுக்கு மோதிரம். அதை வாங்கிக்கொண்டு நேராக ஓட்டலுக்குப் போனேன். அவள் அப்பா இருதயநாதன் சார் என்னைப் பார்த்துப் பேச வேண்டும் என்று வரச் சொல்லியிருந்தார். மரியாதைக்குப் போனை சைலண்டில் போட்டேன். சாப்பிட்டு முடித்து, "நான்தான் கொடுப்பேன் சார்" என்று பெரிய மனுஷன் மாதிரி பில்லைப் பிடுங்கி கார்டை நீட்டினேன். மெஷின் வேண்டாம் என்றது. இன்னொரு தடவை தேய்த்தார்கள். அப்போதும் வேண்டாம் என்றது. என் பர்ஸில் முந்நூறு ரூபாய். ஸ்கேன் பண்ண வழியில்லை. ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாயை இருதயநாதன் சார் கட்டினார். "பரவாயில்லப்பா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார். யாருக்கும் இப்படி நடக்காது அக்கா.

எட்டாம் தேதி மாதா பிறந்த நாளுக்கு அவளை உப்பிலியபுரம் கூட்டிவந்து உன்னிடம் சொல்வதாக இருந்தேன். நீ வேண்டாம் என்பாய் என்று பயந்து மறைக்கவில்லை. நான் தின்பது, உடுத்துவது, மருந்து வாங்குவது, எல்லாம் எனக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரே ஒரு சேதியையாவது நானாக வந்து, என் வாயால் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுவும் உன் போனுக்குத்தான் முதலில் வந்தது.

எட்டாம் தேதி நாங்கள் வரவில்லை.

ஜூட்

---

ஸ்ரீரங்கம்
22 செப்டம்பர் 2025

அக்கா, மாமா சுகமா? நீ சுகமா? பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. போன கடிதத்தில் நலம் கேட்காமல் எழுதிவிட்டேன், அதற்காகவா? கடைக்குப் போன் பண்ணினால் மாமா எடுத்து, "அவ சாக்கு எண்ணுறா" என்கிறார். ராத்திரி பகலாக எண்ண அவ்வளவு சாக்கு ஏது? புதுக் கார்டு இன்னும் வரவில்லை. பேங்க்கில் வரிசையில் நின்று பாஸ்புக்கைக் காட்டிப் பணம் எடுக்கிறேன். வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் பென்ஷன்காரர்கள். இரண்டு பேருக்கு முழங்கால் பார்த்துவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது.

ஜூட்

---

உப்பிலியபுரம்
29 செப்டம்பர் 2025

தம்பிக்கு லிசி எழுதுவது. மாமா சுகம், கடை சுகம். நான் வெள்ளிக்கிழமை கே.கே. நகருக்குப் போய் வந்தேன்.

வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்காதே. நீ காசு எடுக்கும் ஏ.டி.எம்., பிரியாணிக் கடை, ஐஸ்கிரீம் கடை மூன்றும் எனக்குத் தெரியும். மூன்றுக்கும் நடுவில் நின்று, "காது டெஸ்ட் பண்ற பொண்ணு, அப்பா பேரு இருதயநாதன்" என்றேன். இரண்டாவது ஆளே கையைக் காட்டினார்.

வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. பெண்கள் செருப்பு, மர நிறம், நல்ல தையல். நான் கையில் எடுக்கவில்லை. சரக்கைப் பார்த்தால் விலை தெரியாதா எனக்கு? ஆயிரத்து முந்நூற்று நாற்பது. தம்பி, உன் பழைய செருப்பு அறுந்துவிட்டது என்று ஜூனில் எழுதினாய். ஆகஸ்ட் பதினைந்துக்கு அதே செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்தாய். நம் வாசலில்தான் கழற்றினாய். அன்றைக்கே பார்த்துவிட்டேன். ஏன் கேட்கவில்லை என்றால், நீயாகச் சொல்லட்டும் என்றுதான். உன் ஆசைதான் என் ஆசையும். நடுவில் அந்தப் பாழாய்ப்போன மோதிரத்தில் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. இரண்டும் இரண்டும் நாலு என்று ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிறவள், தம்பி மோதிரம் வாங்கினால் திருடன் என்று நினைத்துவிட்டேன்.

இருதயநாதன் சார் கதவைத் திறந்தார். பெயரைச் சொன்னேன்.

"ஓ, கார்டை நிறுத்துனவங்க நீங்கதானா? வாங்க வாங்க, உங்களைத்தான் பார்க்கணும்னு இருந்தேன்."

மேஜையில் ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாயை வைத்தேன். "எடுத்துக்கங்க சார். எங்க வீட்டுப் பையன் சாப்பிட்ட இடத்துல பாக்கி வச்சதா பேச்சு வரக்கூடாது."

"சம்மந்தி ஆகப் போறவங்ககிட்ட ஓட்டல் பில்லு வாங்கினா நல்லாவா இருக்கும்?"

"சம்மந்திப் பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே. முதல்ல பில்லை முடிங்க, அப்புறம் பேச்சை ஆரம்பிப்போம்."

மனுஷன் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார். எண்ணிப் பார்த்துத்தான் எடுத்தார். எனக்குப் பிடித்துவிட்டது. பிறகு அவர் சொன்னார்: "கார்டு போகலைன்னதும் உங்க தம்பி நழுவலீங்க. கையில இருந்த முந்நூறை வச்சிட்டு, மீதிக்கு வாட்ச்சைக் கழட்டி மேனேஜர்கிட்ட நீட்டிட்டான். நான்தான் தடுத்தேன். அந்த நிமிஷமே என் பொண்ணு சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கான்னு முடிவு பண்ணிட்டேன்." இதை நீ எனக்கு எழுதவில்லை. அந்த வாட்ச் நீ பாஸானதற்கு மாமா வாங்கிக் கொடுத்தது.

அனிஷாவுக்கு அன்றைக்கு லீவு, அவள்தான் காபி கொண்டு வந்தாள். நல்ல பெண். வாய் கொஞ்சம் நீளம், அதுவும் நல்லதுதான். "அக்கா, நான் இங்க ஐஸ்கிரீம் சாப்பிட்டா உப்பிலியபுரத்துல மணி அடிக்குமாமே?" என்றாள். "ஆமாம்மா, அதுவும் நீ ரெண்டு சாப்பிட்டா ரெண்டு தடவை அடிக்கும்" என்றேன்.

வரும் வழியில் ஸ்ரீரங்கம் போய் ஹம்ஸா மேடத்தையும் பார்த்தேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாய், சொல்லவில்லை. நீ கொடுத்த மூன்று ஃபாரங்களையும் எடுத்துக் காட்டினார். மூன்றிலும் காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதியிருக்கிறாய். அக்கா தர மாட்டேன் என்கிறாள் என்று எழுதவில்லை.

எழுத்தில் இருக்கட்டும் என்று ஒன்று எழுதுகிறேன். ஜூலையில் போன் வேனிலும் இல்லை, சார்ஜும் தீரவில்லை. இரண்டு தடவையும் என் கையில்தான் இருந்தது. எண் வருவதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

நீ பதினொரு வயதில் என் வீட்டுக்கு வந்தவன். காலையில் எட்டு மணிக்கு பேக்கரியில் நாற்பத்தைந்து ரூபாய் என்று மெசேஜ் வந்தால் எழுந்துவிட்டாய், எதையோ தின்றுவிட்டாய் என்று கடையைத் திறப்பேன். மருந்துக் கடை என்று வந்தால் அன்றைக்கு எனக்குச் சில்லறை சரியாக வராது. வேறொன்றும் வேவு பார்க்கவில்லை. கார்டு நின்று இருபத்தொன்பது நாளாக பேக்கரி மெசேஜ் ஒன்றுகூட இல்லை. நீ என்ன தின்றாய் என்றே தெரியவில்லை.

நம்பரைக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் சும்மா கொடுப்பேனா, நான் வியாபாரி இல்லையா? மாதா மாதம் பேங்க் ஸ்டேட்மெண்ட் நகல் ஒன்று எனக்குத் தபாலில் வர வேண்டும். சம்மதம் என்றால் எழுது.

லிசி

---

ஸ்ரீரங்கம்
4 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை அனிஷா வாங்கிப் படித்துவிட்டு, "வாய் நீளமா?" என்று ஒரு மணி நேரம் பேசினாள்.

ஸ்டேட்மெண்ட் தர முடியாது. இரண்டு பேர் ஐஸ்கிரீமுக்கும் தனியாகக் கணக்குச் சொல்ல முடியாது. அதற்குப் பதில் இதை எடுத்துக்கொள்: கணக்கில் என் நம்பர் ஏறிவிட்டால் என்னால் ஸ்கேன் பண்ண முடியும். உன் கடையில் பேசும் பெட்டி இருக்கிறது. காலையில் நான் சாப்பிட்டதும் உன் கடைக் கணக்குக்குப் பத்து பைசா அனுப்புகிறேன். பெட்டி சத்தம் போட்டால் நான் சாப்பிட்டுவிட்டேன் என்று அர்த்தம். அதற்கு மேல் நீ கேட்கக் கூடாது.

வியாழக்கிழமை ஒன்பதாம் தேதி, பதினொரு மணி. நான்காவது ஃபாரம். ஹம்ஸா மேடம் பேனாவில் மையே தீர்ந்துவிட்டது என்கிறார்.

மாமாவின் வாட்ச் பத்திரமாக என் கையில்தான் இருக்கிறது.

ஜூட்

---

உப்பிலியபுரம்
11 அக்டோபர் 2025

மாதா துணை.

தம்பிக்கு, நாங்கள் சுகம். வியாழக்கிழமை பதினொன்று மூன்றுக்கு எண் வந்தது. நீ கூப்பிடும் வரை காத்திருக்கவில்லை. நானே கூப்பிட்டுப் படித்தேன். பக்கத்தில் டோனி மாமா, "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கேடி" என்றார். "அவன் யாரோவா?" என்றேன். பின்னால் உங்கள் பேங்க்கே கைதட்டியது என் காதில் விழுந்தது. வேலை நேரத்தில் அவர்களுக்கு வேறு வேலை இல்லையா?

நேற்று காலை எட்டு இருபதுக்குக் கடையில் தார்ப்பாய் வாங்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெட்டி, "ஒரு ரூபாய் வந்தது" என்று கத்தியது. பத்து பைசாவுக்கெல்லாம் பெட்டி வாயைத் திறக்காது என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். அந்த ஆள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஒரு ரூபாய்க்கு இங்க என்னங்க கிடைக்குது?" என்றார். "உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது, தார்ப்பாயைப் பாருங்க" என்றேன். பேரம் பேசாமல் அவருக்கு முப்பது ரூபாய் குறைத்துக்கொடுத்துவிட்டேன். இதை மாமாவிடம் சொல்லாதே.

உன் பழைய மெசேஜ்களை மாமா அழிக்கச் சொல்கிறார். அழிக்க மாட்டேன். ஏன் என்றால், சொந்தக் காரணம்.

இருதயநாதன் சாருடன் நேற்று போனில் பேசி முடித்துவிட்டேன், நீயும் எழுத்தில் வைத்துக்கொள். வரதட்சணை என்று ஒரு பைசா இந்தப் பக்கம் வரக் கூடாது. கல்யாணச் சாப்பாட்டுச் செலவு பாதிப் பாதி. தேதி தை மாதத்தில், பங்குச் சாமியாரைக் கேட்டு.

நமக்குள் முடிவு: ஸ்டேட்மெண்ட் வேண்டாம். காலை ஒன்பது மணிக்குள், சாப்பிட்ட பிறகு மட்டும், தினம் ஒரு ரூபாய். மறந்தால் அடுத்த ஞாயிறு நீ உப்பிலியபுரம் வர வேண்டும், பஸ் காசு உன்னுடையது. கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து இரண்டு ரூபாய்.

லிசி